பண்டைய இஸ்ரவேலில் அரசர்கள் செய்த உடன்படிக்கையும் ஆணையும் (கடவுள்பேரில் இடும் சத்தியம்) வெறும் மதச் சடங்கா, அரசியலா?

சடங்குதான். ஆனால் அது எந்த நேரத்தில் நடந்தது என்று பார்த்தால் அரசியல் பிடிபடும். அப்பனுக்குப் பின் மகன் என்று பட்டம் சுமுகமாகக் கைமாறியபோது வேதாகமம் உடன்படிக்கையைப் பற்றிப் பேசுவதில்லை. வாரிசு வரிசை அறுந்த இடத்தில்தான் பேசுகிறது. முதல் அரசன் சவுலின் குடும்பம் சரிந்த பிறகு இஸ்ரவேலின் மூப்பர்கள் எப்ரோனுக்கு வருகிறார்கள். தாவீது அவர்களோடு உடன்படிக்கை பண்ணுகிறான். அதன்பிறகே அபிஷேகம் (2 சாமுவேல் 5:3). இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும்.

இன்னும் தெளிவாகப் பார்க்க 2 இராஜாக்கள் 11-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். யூதா நாட்டின் அரச வம்சத்தைக் கொன்று 6 ஆண்டுகள் ஆண்டவள் ராணி அத்தாலியாள். அந்தக் கொலையில் தப்பி, ஆலயத்தில் ஒளித்து வளர்க்கப்பட்ட இளவரசன் யோவாசுக்கு 7 வயது. ஆசாரியன் யோய்தா நூறு வீரருக்கு ஒருவரான படைத்தலைவர்களை அழைத்து, உடன்படிக்கை செய்து, ஆணை வாங்கி, அதற்குப் பிறகுதான் பிள்ளையைக் கண்ணில் காட்டுகிறான். முதலில் காட்டியிருந்தால், ஒருவன் பின்வாங்கினாலும் பிள்ளையின் கதை முடிந்திருக்கும். நாள் குறித்ததிலும் கெட்டிக்காரத்தனம்: ஓய்வுநாளில் காவல் மாறும், முறை முடிந்து இறங்குகிறவர்களையும் அனுப்பாமல் நிறுத்திக்கொண்டால் சந்தேகமில்லாமல் இரண்டு மடங்கு ஆள். பிறகு கிரீடம், கையில் சாட்சியின் ஆகமம், அபிஷேகம், கைதட்டல். அத்தாலியாள் "துரோகம், துரோகம்" என்று கத்துகிறாள். எபிரேயத்தில் அந்தச் சொல் 'கெஷெர்'. 'கட்டு' என்ற வேரிலிருந்து வந்தது. ஜெயித்தவன் 'பெரித்' (உடன்படிக்கை) என்று சொல்வதைத் தோற்றவள் கெஷெர் என்கிறாள், அவ்வளவுதான்.

அந்த அதிகாரத்தின் 17-ஆம் வசனத்தில் இரண்டு உடன்படிக்கைகள்: கர்த்தர், ராஜா, ஜனங்கள் மூவருக்கும் ஒன்று, ராஜாவுக்கும் ஜனங்களுக்கும் தனியாக ஒன்று. இதை அரசியல் சாசனம் என்று சிலர் புளகாங்கிதப்படுவார்கள். மீறினால் விசாரிக்க நீதிமன்றம் கிடையாதே! சாபமும் படையும்தான் பிணை. கிழக்கின் பேரரசுகளும் இந்தக் கருவியையே நம்பின: கி.மு. 672-இல் அசீரிய மன்னன் எசரத்தோன், தன் மகன் அசூர்பானிபாலின் வாரிசுரிமையைக் காக்க, சிற்றரசர்களிடம் நீண்ட சாபப் பட்டியலோடு ஆணை வாங்கினான்.

கி.மு. 597-இல் நேபுகாத்நேச்சார் சிதேக்கியாவை யூதாவில் அரசனாக்கியபோது, யூதரின் தேவன்பேரிலேயே ஆணையிட வைத்தான் (2 நாளாகமம் 36:13). பாபிலோனின் தெய்வத்தைச் சொல்லி மிரட்டினால் இவனுக்கு உறைக்காது. சொந்தக் கடவுளே சாட்சியென்றால் தப்ப வழியில்லை. சிதேக்கியா எகிப்தை நம்பிக் கலகம் செய்தபோது தீர்க்கதரிசி எசேக்கியேல் அதைக் கர்த்தரின் ஆணையை மீறியதாகவே கண்டித்தார் (17:19).

பாபிலோனியர் எருசலேமை முற்றுகையிட்டபோது அதே சிதேக்கியா எபிரேய அடிமைகளை விடுவிக்க எருசலேம் ஜனங்களோடு உடன்படிக்கை பண்ணினான். கன்றுக்குட்டியை இரண்டாக வெட்டி, துண்டுகளின் நடுவே நடந்தார்கள். மீறினால் நமக்கும் இந்தக் கதிதான் என்று பொருள். எகிப்தியப் படை வருகிறது என்று கேட்டுப் பாபிலோனியர் சற்று விலகியதுமே, விடுவித்தவர்களைத் திரும்பப் பிடித்து அடிமையாக்கிக்கொண்டார்கள். தீர்க்கதரிசி எரேமியா அந்தக் கன்றுக்குட்டியை அவர்களுக்கு நினைவுபடுத்தினார் (34:18).