ஆபத்து எப்போது தொடங்குகிறது?

கேள்வி: கருக்கலைப்பு அறத்துக்கு மாறானது என்று நம்புகிறவள் நான். தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு தரலாம் என்பதை ஏற்கிறேன். ஆனால் ‘உடல்நலக் காரணம்’ என்பதையும் சேர்த்துவிட்டால், எல்லாவற்றையும் அந்தப் பெயரிலேயே நியாயப்படுத்திவிட மாட்டார்களா? – வாசகி ஒருவர்

பதில்: கருவும் ஓர் உயிரே என்று கருதுகிறவர்களுக்கு இது இரண்டு உயிர்களுக்கு இடையிலான வழக்கு, அந்தத் தவிப்பை நான் மதிக்கிறேன். ஆனால் உயிராபத்து வேறு, உடல்நலக்கேடு வேறு என்று நீங்கள் பிரிப்பதுபோல் மருத்துவரால் பிரிக்க முடிவதில்லை.

கர்ப்ப காலத்தில் உடலில் ரத்தத்தின் அளவு சுமார் 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. நலமான இதயம் அந்தச் சுமையைத் தாங்கிக்கொள்ளும். நுரையீரல் ரத்தக்குழாய்களில் கடுமையான உயர் அழுத்தம் உள்ள பெண்ணின் இதயமோ பிற்பகுதி மாதங்களிலோ, பிரசவத்திலோ, அதற்கடுத்த நாள்களிலோ செயலிழந்துபோகும் அபாயம் மிக அதிகம். அப்படிப்பட்ட பெண் எட்டாவது வாரத்தில் பெரிய தொல்லை எதுவுமின்றி நடமாடிக்கொண்டிருக்கலாம். அன்று அவளுக்கு இருப்பது உடல்நலக் காரணமா, உயிராபத்தா? காத்திருந்தால் விடை தெரிந்துவிடும். ஆனால் அது தெரியவரும் நேரத்தில் அவளைக் காப்பாற்ற வழி இருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

2012 அக்டோபரில் அயர்லாந்தின் கால்வே நகரில் நடந்தது இதுதான். சவிதா ஹலப்பனவர் என்ற 31 வயதுப் பல் மருத்துவர், 17 வாரக் கர்ப்பத்தில் கரு கலையத் தொடங்கிப் பனிக்குடமும் உடைந்த நிலையில், கருவை அகற்றும்படி கேட்டார். குழந்தை பிழைக்க வழியில்லை என்று தெரிந்திருந்தும், இதயத்துடிப்பு இருந்ததால் கோரிக்கை மறுக்கப்பட்டது. அதற்குள் தொற்று ரத்தத்தில் பரவி, சில நாள்களில் அவர் இறந்தார். தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் விதிவிலக்கு உண்டு என்பதே, நீங்கள் சொல்வதைப் போலவே, அன்றும் அங்கே சட்டநிலை. 2018 பொதுவாக்கெடுப்பில் சுமார் 66 சதவீதத்தினர் கருக்கலைப்புக்கு அங்கிருந்த அரசியல் சாசனத் தடையை நீக்க வாக்களித்தார்கள்.

எவ்வளவு ஆபத்து என்பதை மருத்துவம் ஓரளவு கணித்துச் சொல்லும். எவ்வளவு ஆபத்தைத் தாங்கலாம் என்பது அறத்தின் கேள்வி. பெற்ற பிள்ளையே ஆனாலும் சிறுநீரகம் கொடுத்தாக வேண்டும் என்று எந்தத் தகப்பனையும் யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. கொடுக்காமல் விடுவது வேறு, கருவை அழிப்பது வேறு என்று நீங்கள் மறுக்கலாம். அந்த மறுப்பில் பொருள் உண்டு. ஆயினும், ஆபத்தைத் தன் உடலில் சுமக்கிறவளை விட்டுவிட்டு, அதன் அளவை வேறொருவர் தீர்மானிக்கும் உரிமையை அது தந்துவிடுவதாக எனக்குத் தோன்றவில்லை. தவறாகப் பயன்படுத்துவார்கள் என்ற உங்கள் அச்சம் பொய்யென்று சொல்ல மாட்டேன். அந்த அச்சத்துக்கான விலையை எட்டாவது வார இதய நோயாளி கொடுக்க வேண்டும் என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அதே நோயுள்ள இன்னொருத்தி, எல்லாம் அறிந்தும் கர்ப்பத்தைத் தொடர விரும்பக்கூடும். அவள் மீதும் முடிவைத் திணிக்கக் கூடாது. இதய மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் முதல் மாதத்திலிருந்தே அவளைச் சேர்ந்து கவனிக்க வேண்டும், பிரசவம் முடிந்த வாரங்களிலும் விட்டுவிடக் கூடாது.