கெமிக்கலுக்கு முதல் புத்தகம் எது? வாசகர் கேள்வி-பதில்

கே: சார், கெமிக்கல் இன்ஜினியரிங்குக்கு பெஸ்ட் புக் எது? (கொருக்குப்பேட்டை)

டிப்ளமோவா, பி.டெக்கா, எந்த வருடம், எந்தப் பாடம்? ஒன்றுமே எழுதவில்லை. எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து ஒரே புத்தகம் கிடையாது தம்பி. விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

கே: மகளுக்கு கெமிக்கல் சீட் கிடைத்திருக்கிறது. பெர்ரி ஹேண்ட்புக் வாங்கிக் கொடுக்கச் சொல்கிறார் சொந்தக்காரர் ஒருவர். வாங்கலாமா? (ராயபுரம்)

வேண்டாம். 1934-இல் முதலில் வந்ததிலிருந்து, வேலையில் இருப்பவர்கள் தேவைப்படும்போது புரட்டிப் பார்க்கிற தொகுப்பு அது. 2,000 பக்கத்துக்கு மேல் இருக்கும், பாடம் சொல்லித் தராது. முதல் வருடம் பெரும்பாலும் கணிதம், இயற்பியல், வேதியியலிலேயே போய்விடும். துறைப்பாடம் தொடங்கும்போது ஃபெல்டர்–ரூசோவின் ‘எலிமெண்டரி பிரின்சிபிள்ஸ் ஆஃப் கெமிக்கல் பிராசஸஸ்’ ஒன்று வாங்குங்கள், போதும். அந்தச் சொந்தக்காரர் தன்னிடம் உள்ள பெர்ரியைத் தள்ளிவிடப் பார்க்கிறாரோ என்னவோ!

கே: மணலியில் ஷிப்ட் ஆபரேட்டராக இருக்கிறேன். டிப்ளமோ முடித்தவன். மேலே படிக்க ஆசை. ஆங்கிலம் கொஞ்சம் தடுமாறும். ஃபெல்டரா, பட்–வோராவா?

முதலில் பட்–வோராவின் ‘ஸ்டாய்க்கியோமெட்ரி’. விளக்கம் சுருக்கம், போட்டுக் காட்டிய கணக்குகள் ஏராளம், உதாரணங்கள் நம் ஊர் ஆலைகளை ஒட்டியவை. ஆங்கிலம் பெரிதாக இடிக்காது. ஆனால் ‘ஏன் இப்படி’ என்ற கேள்விக்கு அதில் பதில் குறைவு. அதற்கு ஃபெல்டரின் நான்காம் அத்தியாயத்தை மட்டும் மெதுவாகப் படியுங்கள்.

வால்வையும் கேஜையும் தினமும் கண்ணால் பார்ப்பது உங்களுக்குப் பெரிய பலம். அதிலேயே ஒரு ஆபத்தும் உண்டு. அழுத்தம் கேஜில் 2 கிலோ காட்டினால், வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்து அப்சல்யூட் சுமார் 3. வாயுக் கணக்கில் அப்சல்யூட்தான் போட வேண்டும், வெப்பநிலை கெல்வினில். அப்புறம், பேசிஸ் (எந்த அளவை அடிப்படையாக வைத்துக் கணக்குப் போடுகிறோம் என்பது) எழுதாமல் எந்தக் கணக்கையும் தொடங்காதீர்கள்.

கே: மெக்கேப்–ஸ்மித் இருந்தால் போதாதா? (திருவொற்றியூர்)

போதாது. அது டிஸ்டிலேஷன் மாதிரி ஆலை வேலைகளைச் சொல்லும் யூனிட் ஆபரேஷன்ஸ் புத்தகம், அடுத்த படி. உள்ளே வருவதையும் வெளியே போவதையும் கணக்குப் பார்க்கத் தெரியாமல் டிஸ்டிலேஷன் கோபுரத்துக்குப் போகாதீர்கள்.

கே: எர்ணாவூரிலிருந்து எழுதுகிறேன். ஃபெல்டர் சொல்யூஷன் மேனுவல் பி.டி.எஃப் எங்கே கிடைக்கும்? புத்தகம் தேவையில்லை, மேனுவல் மட்டும் போதும்.

இதைப் படித்ததும் ரத்தம் கொதித்தது. மாதத்துக்கு நாலு பேராவது இதையே கேட்கிறார்கள். ‘புத்தகம் தேவையில்லை’ என்று எழுதியவர் நீங்கள் ஒருவர்தான். அந்தத் துணிச்சலுக்காக விரிவாகவே பதில் சொல்கிறேன்.

மணலி உரத் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள், அமோனியாவையே எடுத்துக்கொள்வோம். பேசிஸ்: புது ஃபீட் 100 கிலோமோல். அதில் ஆர்கான் 1, மீதி நைட்ரஜனும் ஹைட்ரஜனும். மாறாத வாயுவைத் திருப்பி ரியாக்டருக்கே அனுப்புகிறோம். ஆர்கான் எதோடும் வினைபுரியாது, சுற்றிச் சுற்றிச் சேர்ந்துகொண்டே போகும். அதனால் திருப்பி அனுப்பும் அந்த வாயுவில் (ரீசைக்கிள்) கொஞ்சத்தை வெளியே விடுகிறோம், அதுதான் பர்ஜ். ரீசைக்கிளில் ஆர்கான் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றால் பர்ஜ் எவ்வளவு?

மேனுவலைப் பார்த்துப் பழகியவர் உடனே ரியாக்டர் கன்வர்ஷனை, அதாவது எத்தனை சதவீத வாயு அமோனியாவாக மாறுகிறது என்பதைத் தேடுவார். அது தேவையே இல்லை. மொத்த ஆலையையும் சுற்றி ஒரு கோடு போடுங்கள். உள்ளே வரும் ஆர்கான் 1. திரவ அமோனியாவில் கரைந்து போவதை விட்டுவிட்டால், அது வெளியேற ஒரே வழி பர்ஜ். பர்ஜ் ரீசைக்கிளிலிருந்தே போவதால் அதிலும் 10 சதவீதம் ஆர்கான், ஆகவே பர்ஜ் 10 கிலோமோல். முடிந்தது.

மேனுவலில் இது இரண்டே வரியில் இருக்கும், உங்களுக்கும் புரிந்த மாதிரியே இருக்கும். கோட்டை எங்கே போடுவது என்று முடிவு செய்வதுதான் இந்தப் பாடத்தின் முக்கால் பங்கு. அதை மேனுவல் எழுதியவர் செய்து முடித்துவிட்டார், நீங்கள் செய்யவில்லை. பரீட்சையில் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால் தெரிந்துவிடும். அரை மணி நேரம் முட்டி மோதிவிட்டு விடையைச் சரிபார்க்கிறேன் என்றால் சரி, அது வேறு. லிங்க் என்னிடம் கேட்காதீர்கள்.

கே: மூர் மார்க்கெட்டில் ஹூகன்–வாட்சன்–ரகாட்ஸ் பழைய பிரதி 150 ரூபாய் சொல்கிறார்கள். வாங்கலாமா? (வண்ணாரப்பேட்டை)

முதல் பாகம்தானா என்று பாருங்கள். அதில்தான் மாஸ், எனர்ஜி பேலன்ஸ் (உள்ளே வருவது, வெளியே போவது கணக்கு). இரண்டாவது தெர்மோ, மூன்றாவது கைனடிக்ஸ். பவுண்டு, பி.டி.யு., ஃபாரன்ஹீட் என்று இருக்கும், பயப்பட வேண்டாம். 1 பி.டி.யு. சுமார் 1,055 ஜூல். 100 ரூபாய்க்குக் கேட்டுப் பாருங்கள்.

கே: கேட் (GATE) தேர்வுக்கு ஹிமெல்பிளாவ் பழைய பதிப்பு ஓகேவா? (வியாசர்பாடி)

ஓகே. பதிப்புக்குப் பதிப்பு நிறை அழிவின்மை விதி மாறுவதில்லை. வாங்கும்போது பின்னிணைப்பு அட்டவணைகள் கிழியாமல் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். எண்ணை நீங்களே உள்ளிடும் கேள்விகளில் நெகட்டிவ் மார்க் இல்லை, ஆனால் சரிபார்த்துக்கொள்ள நாலு விடையும் இருக்காது. அதனால் பேசிஸ் எழுதுங்கள், யூனிட் எழுதுங்கள். எத்தனை முறை சொல்வது!

கே: பள்ளி வேதியியல் புத்தகங்களைப் பழைய பேப்பருக்குப் போட்டுவிடலாமா? (மாதவரம்)

பிளஸ் ஒன் முதல் தொகுதியைப் போடாதீர்கள். மோல் கணக்கு, வாயு விதிகள், வெப்ப இயக்கவியல் மூன்றும் அதில்தான் இருக்கின்றன.