தோல் உரியும் நோய்க்கு ஸ்டெம் செல்: ஊசியா, ஒட்டா, ஆய்வா?

கேள்வி: என் மகளுக்கு 4 வயது. பிறந்ததிலிருந்தே லேசாக உரசினாலும் கொப்புளம் வந்து தோல் உரிந்துவிடுகிறது. எபிடெர்மோலைசிஸ் புல்லோசா, அதிலும் ஒடுங்கு மரபில் (தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்) வரும் 'டிஸ்ட்ரோஃபிக்' வகை என்று மரபணுப் பரிசோதனையில் தெரிந்தது. ஸ்டெம் செல்லை ரத்தத்தில் ஏற்றினால் முழுக்கக் குணமாகிவிடும் என்று ஒரு தனியார் மையத்தில் சொல்கிறார்கள். இன்னொரு பக்கம், ஓர் ஆய்வுக் குழு மகளின் தோலிலிருந்து சிறு துண்டு கேட்கிறது. அதிலிருந்து ஸ்டெம் செல் உருவாக்கி நோயை ஆராயப் போகிறார்களாம். எதற்குச் சம்மதிப்பது?

பதில்: பணம் கட்டி ஏற்றிக்கொள்ளும் அந்த ஊசி வேண்டாம். ஆய்வுக்குச் சம்மதிக்கலாம், ஆனால் தோலைத்தான் எடுத்தாக வேண்டுமா என்று முதலில் கேளுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை விரிவாகவே எழுதுகிறேன். இந்த நோய்க்கு இன்னும் பல சிகிச்சைகள் உங்கள் காதில் விழும். ஒவ்வொன்றையும் நீங்களே எடைபோட வேண்டியிருக்கும்.

உங்கள் மகளுக்குப் பழுதாகியிருப்பது 'சிஓஎல்7ஏ1' என்ற மரபணு. கொலாஜன் 7 என்ற புரதத்தை உருவாக்க வேண்டியது அது. மேல்தோலையும் அதன் கீழுள்ள உள்தோலையும் சேர்த்துப் பிடித்திருக்கும் தையல்நூல் என்று அந்தப் புரதத்தைச் சொல்லலாம். அது இல்லாததால்தான் சட்டை ஓரம் உரசினால்கூட இரண்டும் பிரிந்து, நடுவில் நீர் கோத்துக்கொள்கிறது.

மேல்தோல் நிலையானது அல்ல. மேலே உள்ள செல்கள் உதிர்ந்துகொண்டே இருக்கும். சுமார் ஒரு மாதத்தில் முழு அடுக்கும் மாறிவிடும். புதிய செல்களைத் தருபவை அதன் அடியடுக்கில் இருக்கும் ஸ்டெம் செல்கள். அதனால் மேலே இருக்கும் செல்லில் மரபணுவைச் சரிசெய்தால் பலன் சில வாரம்தான். அடியில் நீண்டகாலம் வாழும் ஸ்டெம் செல்லில் சரிசெய்தால் அதிலிருந்து பிறக்கும் அத்தனை செல்லும் சரியாக இருக்கும். யார் எந்தச் சிகிச்சையைச் சொன்னாலும் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்: நல்ல மரபணு தோலின் ஸ்டெம் செல்லுக்குள் போகிறதா, அங்கே தங்குகிறதா?

அப்படிப் போய்த் தங்கியதற்கு நல்ல சான்று ஜெர்மனியில் இருக்கிறது. 2015இல் போஹும் நகர மருத்துவமனைக்கு 7 வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். அவனுக்கு இருந்தது இதே குடும்பத்தைச் சேர்ந்த 'ஜங்ஷனல்' வகை. பழுதான மரபணு வேறு. கிருமித்தொற்று முற்றி, உடலின் மேல்தோலில் சுமார் 80 சதவீதம் போய்விட்டது. தந்தையின் தோலை ஒட்டிப் பார்த்தார்கள், உடல் ஏற்கவில்லை. இத்தாலியின் மொடேனாவில் மிக்கேலே டி லூக்காவின் குழு அவனது இடுப்பு மடிப்பருகே நல்ல தோலாக இருந்த 4 சதுர சென்டிமீட்டரை எடுத்தது. அதிலிருந்த செல்களுக்குள் வைரஸ் ஒன்றின் வழியாகச் சரியான மரபணுவை நுழைத்து, ஆய்வகத்தில் தாள் தாளாக வளர்த்தார்கள். மொத்தம் 0.85 சதுர மீட்டர் தோல் கிடைத்தது. அதைக் கை, கால், முதுகு என்று மூன்று அறுவை சிகிச்சைகளில் ஒட்டினார்கள். சிறுவன் பிழைத்தான், பள்ளிக்குத் திரும்பினான். 2021இல் வெளியான தொடர் அறிக்கையிலும் அந்தத் தோல் உறுதியாகவே இருந்தது.

இதில் மருத்துவர்களுக்கு இன்னொரு பாடமும் கிடைத்தது. வைரஸ் ஒவ்வொரு செல்லின் மரபணுத் தொகுப்பிலும் வெவ்வேறு இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அந்த இடத்தைப் பார்த்தால் எந்தச் செல் எந்தச் செல்லின் வழி வந்தது என்று சொல்லிவிடலாம். மாதங்கள் செல்லச் செல்ல, அந்த அடையாளங்களின் வகைகள் குறைந்துகொண்டே வந்தன. அதாவது ஒட்டிய செல்களில் பெரும்பாலானவை வேலையை முடித்து உதிர்ந்துவிட்டன. முழுத் தோலையும் தாங்கி நின்றவை 'ஹோலோக்ளோன்' எனப்படும் ஸ்டெம் செல்களின் சிறு கூட்டம்தான். 1975இல் மனிதத் தோல் செல்களை ஆய்வகத்தில் வளர்க்கும் முறையை ஜேம்ஸ் ரைன்வால்டும் ஹோவர்ட் கிரீனும் கண்டுபிடித்தார்கள். தோல் ஸ்டெம் செல் பற்றி அன்றிலிருந்து ஊகமாக இருந்த பலவும் இந்த ஒரு சிறுவனின் உடலில் உறுதியாயின.

உங்கள் மகளின் வகைக்கும் இதே வழியில் ஒரு சிகிச்சை வந்துவிட்டது. நோயாளியின் தோல் செல்லை எடுத்து, கொலாஜன் 7 மரபணுவைச் சேர்த்து, தாளாக வளர்த்து, ஆறாத புண்ணின் மேல் ஒட்டும் 'செவாஸ்கின்' என்ற சிகிச்சைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 ஏப்ரலில் அனுமதி தந்தது. அதற்கான பரிசோதனையில் ஆறு மாத முடிவில் ஒட்டப்பட்ட புண்களில் 81 சதவீதம் பாதிக்குமேல் ஆறியிருந்தன; வழக்கமான கட்டு மட்டும் போட்ட புண்களில் 16 சதவீதம்தான் அப்படி ஆறின. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் ஒட்டிய இடத்துக்கு மட்டுமே பலன். வாய்க்குள்ளும் உணவுக்குழாயிலும் வரும் கொப்புளங்களுக்கு அது போய்ச் சேராது. மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்ய வேண்டும்.

அமெரிக்காவில் 2023 மே மாதம் அனுமதி பெற்ற 'வைஜூவெக்' ஒரு ஜெல். கொலாஜன் 7 மரபணுவைச் சுமக்கும், பெருகாதபடி மாற்றிய ஹெர்பிஸ் வைரஸ் அதில் இருக்கிறது. இது ஸ்டெம் செல் சிகிச்சை அல்ல. அந்த மரபணு செல்லின் டிஎன்ஏவுக்குள் இணைவதில்லை. செல் உதிரும்போது அதுவும் போய்விடும். அதனால்தான் புண் ஆறும்வரை வாரம் ஒருமுறை தடவச் சொல்கிறார்கள். இருந்தாலும், கத்தி படாமல் சிறு குழந்தைக்கும் தர முடியும் என்பதால், கிடைக்கும் இடங்களில் நான் முதலில் விசாரிக்கச் சொல்வது இதைத்தான்.

இப்போது அந்த மையம் சொல்லும் ஊசிக்கு வருவோம். இப்படி ஏற்றப்படுபவை பெரும்பாலும் 'மெசென்கைமல்' செல்கள். எலும்பு மஜ்ஜை, கொழுப்பு, தொப்புள்கொடி போன்றவற்றிலிருந்து எடுப்பவை. அவை மேல்தோலாக மாறி அடியடுக்கில் குடியேறுவதில்லை. முறையான பரிசோதனைகளில் இந்த நோய்க்கு அவற்றைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அழற்சியும் அரிப்பும் சில மாதங்களுக்குத் தணிந்ததாகப் பதிவாகியிருக்கிறது. அந்த நிம்மதியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இரவு முழுக்க அரிப்பில் அழும் குழந்தையை வைத்திருப்பவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் பழுதான மரபணு பழுதாகவே இருக்கிறது. 'முழுக்கக் குணம்' என்று சொல்லிக் காசு வாங்குவது உண்மைக்குப் புறம்பு. அதிலும் குழந்தையின் சொந்தச் செல்லையே எடுத்து, மரபணுவைத் திருத்தாமல் திரும்ப ஏற்றுவதாகச் சொன்னால், அந்தச் செல்லிலும் அதே பழுதுதானே இருக்கும்? பிறந்தபோது சேமித்த அவளது தொப்புள்கொடி ரத்தத்துக்கும் இதே பதில்தான்.

வேறொருவரின் எலும்பு மஜ்ஜையை மாற்றிவைப்பது தனி விஷயம். அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகக் குழு 2010இல் இந்த நோயுள்ள குழந்தைகளுக்கு அதைச் செய்த அனுபவத்தை வெளியிட்டது. புண்கள் குறைந்தன, தோலில் கொலாஜன் 7 கூடியது. ஆனால் சிகிச்சையின் போக்கில் உயிரிழப்பும் நேர்ந்தது. மாற்றுவதற்கு முன் தரும், மஜ்ஜையை ஒடுக்கும் மருந்துகளைத் தாங்கும் நிலையில் இந்தக் குழந்தைகளின் உடல் இருப்பதில்லை. தேர்ந்த ஆராய்ச்சி மருத்துவமனைக்கு வெளியே இதை யாராவது முன்வைத்தால் ஒதுங்கிவிடுங்கள்.

அடுத்தது ஆய்வுக் குழு. அவர்கள் செய்யப்போவது ஜப்பானிய விஞ்ஞானி ஷின்யா யமனாகா காட்டிய வழி. 2006இல் எலிச் செல்லிலும் 2007இல் மனிதச் செல்லிலும், நான்கே மரபணுக்களைக் கொண்டு, முதிர்ந்த செல்லைக் கருநிலைச் செல் போல ஆக்கிக் காட்டினார். 2012இல் நோபல் பரிசு பெற்றார். அப்படி ஆக்கிய செல்லுக்கு 'ஐபிஎஸ்' செல் என்று பெயர். அதிலிருந்து எந்தத் திசுவையும் வளர்க்கலாம். 2020இல் அமெரிக்க ஆய்வாளர் கார்ல் கோலரின் குழு இத்தகைய செல்களிலிருந்து ஆய்வகக் கிண்ணத்திலேயே முடி முளைத்த தோலை வளர்த்துக் காட்டியது. நான்கைந்து மாதம் பிடித்தது.

உங்கள் மகளின் ஐபிஎஸ் செல்லால் என்ன பயன்? அதில் ஒரு பாதியை அப்படியே வைத்துக்கொண்டு, மறுபாதியில் அந்த ஒரு மரபணுவை மட்டும் 'கிரிஸ்பர்' முறையில் திருத்துவார்கள். இரண்டையும் தோலாக வளர்த்து அருகருகே வைத்துப் பார்த்தால், தெரியும் வேறுபாடு முழுவதும் அந்தப் பழுதால்தான் வருகிறது என்று உறுதியாகச் சொல்லலாம். மருந்துகளைக் குழந்தைக்குக் கொடுக்கும் முன் அந்தத் தோலில் சோதிக்கலாம். உதாரணமாக, இந்தப் புரதத்தைக் கட்டும் கட்டளை நடுவிலேயே நின்றுபோகும் வகைப் பிழை சிலருக்கு உண்டு. ஜென்டாமைசின் என்ற பழைய மருந்து அந்த நிறுத்தத்தைத் தாண்டவைத்து ஓரளவு கொலாஜன் 7 உண்டாக்குவதாகக் கண்டிருக்கிறார்கள். எல்லாப் பிழைக்கும் அது பலிக்காது. யாருக்குப் பலிக்கும் என்பதைச் செல்லில் பார்த்துவிடலாம்.

ஐபிஎஸ் செல்லைத் தோலாக்கி நோயாளிக்கே ஒட்டும் முயற்சி இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை. முதிராத செல் ஒன்றிரண்டு தங்கிவிட்டால் கட்டியாக வளரக்கூடும். நீண்ட நாள் வளர்ப்பில் புதிய மரபணு மாற்றங்களும் சேரலாம். எனவே இந்த ஆய்வால் உங்கள் மகளுக்கு இந்த ஆண்டோ அடுத்த ஆண்டோ சிகிச்சை கிடைக்கும் என்று எண்ணிச் சம்மதிக்காதீர்கள். அப்படி யாராவது ஆசை காட்டினால் அதுவே தவறு.

கேட்கச் சொன்ன கேள்வி இதுதான். ஐபிஎஸ் செல்லை ரத்தத்திலிருந்தும் உருவாக்கலாம். இவளுக்கு எப்படியும் அடிக்கடி ரத்தப் பரிசோதனை இருக்கும். அப்போது கொஞ்சம் கூடுதலாக எடுத்தால் போதுமா என்று கேளுங்கள். தோல்தான் வேண்டும் என்றால், பல்லுக்கோ உணவுக்குழாய்க்கோ மயக்க மருந்து கொடுக்கும் நாளில் சேர்த்து எடுக்க முடியுமா என்று கேளுங்கள். எடுப்பது சில மில்லிமீட்டர் வட்டம்தான்; என்றாலும் இந்தத் தோலில் தேவையில்லாத ஒரு புண்கூட வேண்டாம். ஒப்புதல் படிவத்தில் மூன்று விஷயம் தெளிவாக இருக்கட்டும்: செல்கள் வேறு நிறுவனங்களுக்குப் போகுமா, பின்னாளில் விலகிக்கொள்ளலாமா, மகளுக்குப் பயன்படும் தகவல் கிடைத்தால் உங்களுக்குச் சொல்வார்களா.

இந்த நோய்க் குடும்பத்தில் வேறு வகை உள்ளவர்கள் இதைப் படித்தால் ஒரு எச்சரிக்கை. 'சிம்ப்ளெக்ஸ்' வகை பெரும்பாலும் ஓங்கு மரபில், அதாவது மரபணுவின் ஒரு பிரதி பழுதானாலே, வருவது. அங்கே தோல் செல்லுக்கு உறுதி தரும் கெரட்டின் என்ற புரதம் பழுதாகி, நல்ல புரதத்தையும் கெடுக்கிறது. நல்ல மரபணுவைச் சேர்ப்பது மட்டும் போதாது, கெட்டதை அடக்கவும் வேண்டும். இங்கே சொன்ன ஒட்டுச் சிகிச்சையும் ஜெல்லும் அவர்களுக்கானவை அல்ல.

மரபணு அறிக்கையின் முழுப் பிரதியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் என்ன பிழை என்ற வரி இல்லாமல் எந்தப் பரிசோதனையிலும் சேர்க்க மாட்டார்கள். அடுத்த குழந்தை பற்றி யோசித்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் இந்த நோய் வர 25 சதவீத வாய்ப்பு உண்டு. அதற்கு முன்பே மரபணு ஆலோசகரைப் பாருங்கள். அதுவரை அன்றாடப் பராமரிப்பை விட்டுவிடாதீர்கள்: ஒட்டாத சிலிக்கான் கட்டுகள், கொப்புளத்தைக் கிருமி நீக்கிய ஊசியால் துளைத்து நீரை மட்டும் வடித்து மேல்தோலை அப்படியே விடுவது, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டாதபடி தனித்தனியாகச் சுற்றுவது, ரத்தசோகைக்கும் எடைக்கும் ஒழுங்கான கவனிப்பு. பத்து வயதிலிருந்து ஆறாத புண் எதையும் தோல் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்ய மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். நாளை ஒட்டுச் சிகிச்சை கிடைக்கும்போது, அதற்கு எடுக்க நல்ல தோல் மிச்சமிருப்பதும் அறுவையைத் தாங்கும் உடல்நிலையும் இந்தப் பராமரிப்பைப் பொறுத்ததுதான்.