யோஷினொகாரி: எது பழையது, எது புதியது?

கேள்வி: ஜூன் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுடன் ஜப்பானின் ஃபுகுவோகாவுக்குச் செல்கிறோம். அருகிலுள்ள யோஷினொகாரி வரலாற்றுப் பூங்காவின் பழங்காலக் கிராமத்தையும் பார்க்க எண்ணியிருந்தோம். ஆனால், அங்குள்ள வீடுகள் அனைத்தும் அண்மையில் கட்டப்பட்டவை என்கிறார் நண்பர் ஒருவர். அதற்காக ஒரு நாளைச் செலவிடத்தான் வேண்டுமா?
- வாசகி, தெம்பனிஸ்

பதில்: நண்பர் சொல்வது உண்மைதான். சாகா மாநிலத்தில் 1986இல் தொடங்கிய அகழாய்வில் வெளிப்பட்ட, ஜப்பானில் நெல் வேளாண்மை வேரூன்றிய யயோய் காலத்துக் குடியிருப்பின்மேல் அமைத்து, 2001இல் திறக்கப்பட்ட பூங்கா அது. கூரைகளும் காவல் கோபுரங்களும் நம் காலத்துத் தச்சர்களின் கைவேலை. ஆயினும் அவற்றை வெறும் அலங்காரம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஏனெனில், ஒரு கட்டடம் எங்கே நின்றது, எத்தனை தூண்களைக் கொண்டிருந்தது என்பதை மண்ணில் எஞ்சிய தூண்குழிகளே காட்டிக்கொடுக்கின்றன. வடக்கு உள்வளாகத்தின் பெரிய கட்டடத்தில் 16 தூண்குழிகள்தாம் சான்று. அவற்றின்மேல் எழும் மூன்று தளங்களும், நடுத்தளத்தில் கூடி ஆலோசிக்கும் தலைவர்களின் உருவங்களும், மேல்தளத்தில் வழிபடும் பெண் பூசாரியும் ஆய்வாளர்களின் ஊகம். அந்த உருவப்பொம்மைகள் எனக்குச் சற்று மிகையாகவே படுகின்றன. பிள்ளைகளுக்கு ஒருவேளை அவைதாம் பிடிக்கும்.

நீங்கள் தவறவிடக் கூடாதது வடக்கு ஈமமேடு. வெளியே புல் மூடிய மேடு. உள்ளேயோ, சிங்கப்பூரின் ஃபோர்ட் கேனிங் குன்றில் 14ஆம் நூற்றாண்டு மண்ணடுக்குகளைக் கூரையிட்டுக் காப்பதைப் போல, அசல் ஈமத்தாழிகளைக் கிடந்த இடத்திலேயே வைத்திருக்கிறார்கள். இம்மேட்டில் கிடைத்த தாழிகள் 14. வெண்கல வாளும் நீலக் கண்ணாடிக் குழல்மணிகளும் இங்கிருந்தே வெளிவந்தன. ஆதிச்சநல்லூர் முதுமக்கள் தாழிகளைப் பற்றி அறிந்த நமக்கு இக்காட்சி முற்றிலும் அந்நியமாக இராது. ஆனால், நம் தாழிகள் பெரும்பாலும் நிமிர்ந்து நிற்க, அங்கே இரு பெரிய பானைகளை வாயோடு வாய் பொருத்தி, உடலைக் கால் மடக்கிக் கிடத்திப் படுக்கைவாக்கில் புதைத்திருக்கிறார்கள்.

ஃபுகுவோகாவின் ஹக்காத்தா நிலையத்தில் ரயிலேறி, தோசுவில் மாறி, யோஷினொகாரி-கோயென் நிலையத்தில் இறங்கினால் பூங்கா நடைதூரம்தான். ஜூன் அங்கே மழைக்காலம். பூங்காவோ பரந்த வெளி. மழை வலுத்தால் கிராமச் சுற்றைச் சுருக்கிக்கொண்டு ஈமமேட்டுக்குப் போய்விடுங்கள். அங்கே காட்சி முழுவதும் கூரையின்கீழ்தான்.