ராணியின் கோப்பையில் கொய்னா: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் ஜின் சேர்ந்த பழைய காக்டெயில்களைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி இங்கிலாந்து அரச குடும்பத்தைச் சுற்றியே இருந்ததால், இந்த முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: எலிசபெத் ராணி மதிய உணவுக்கு முன்னால் ஜின்னில் ஏதோ சிவப்பு ஒயினைக் கலந்து குடிப்பார் என்று லண்டனில் வேலை பார்க்கும் என் மருமகன் சொல்கிறார். அது என்ன பானம்? அரண்மனைக்கென்று தனிச் செய்முறை உண்டா?
(அல்சூர் வாசகர்)

பதில்: மருமகன் சொல்வது சரிதான். ஜின்னும் டுபோனேயும் கலந்த பானம் அது. டுபோனே என்பது மூலிகைகளும் மரப்பட்டையும் ஊறிய, இனிப்பில் தொடங்கிக் கசப்பில் முடிகிற, பிரான்ஸ் நாட்டுச் செந்நிற ஒயின். பகல் உணவுக்கு முன் ராணி இதைத்தான் அருந்துவார் என்று அவருடைய உறவுச் சகோதரி மார்கரெட் ரோட்ஸ் சொல்லியிருக்கிறார். டுபோனே இரண்டு பங்கு, ஜின் ஒரு பங்கு, ஐஸ், விதை நீக்கிய மெல்லிய எலுமிச்சை வில்லை ஒன்று, அவ்வளவுதான். இதைக் குலுக்க வேண்டியதில்லை. ஐஸ் கட்டிகளின் மேல் இரண்டையும் ஊற்றி, நீளக் கரண்டியால் நான்கு சுற்றுச் சுற்றினால் போதும்.

தனிச் செய்முறை என்று எதுவும் கிடையாது. இதே இரண்டு சரக்கையும் சரிபாதியாகக் கலந்து ‘ஸாஸா’ என்ற பெயரில் 1930களிலேயே லண்டன் ஓட்டல்களில் விற்றார்கள். அரச குடும்பத்தார் அளவை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். அந்த மாற்றமும் மகளுடையது அல்ல, தாயாருடைய பழக்கம். ராணித் தாய் டுபோனே ஏறக்குறைய 70 சதவீதமும் ஜின் 30 சதவீதமுமாக அருந்தினார் என்றும், எலுமிச்சை வில்லை ஐஸுக்கு அடியில் இருக்க வேண்டும் என்பது அவர் விருப்பம் என்றும் சொல்வார்கள். அவரிடம் நெடுங்காலம் பணியாற்றிய வில்லியம் டாலன் 2007 இல் இறந்த பிறகு, அவர் சேர்த்து வைத்திருந்த பொருள்கள் 2008 இல் ஏலத்துக்கு வந்தன. அவற்றில் ராணித் தாய் தம் கைப்பட எழுதிய ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. வெளியே கிளம்பும் ஒரு நாள் காலையில், தேவைப்பட்டால் கைக்கு இருக்கட்டும் என்று டுபோனேயும் ஜின்னுமாக இரண்டு சிறு புட்டிகள் எடுத்துப் போகலாம் என்றிருக்கிறேன் என்று அதில் எழுதியிருந்தார். ரயில் ஏறும்போது புளியோதரைப் பொட்டலத்தை மறக்காத நம் வீட்டுப் பாட்டிகளின் கவலைதான் அது. அந்தச் சீட்டு 16,000 பவுண்டுக்கு விலைபோயிற்று. அரண்மனைக்குச் சரக்கு வழங்குவோருக்குத் தரும் ராணியின் அரச முத்திரை டுபோனேக்குக் கிடைத்ததோ 2021 நவம்பரில்தான். அவர் மறைவதற்குப் பத்து மாதங்களே இருந்தன.

கேள்வி: டுபோனே முதலில் மருந்தாகத்தான் வந்தது என்று எங்கோ படித்தேன். உண்மையா?
(பிரேசர் டவுன் வாசகி)

பதில்: உண்மை. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான், ஏனென்றால் இது நம் பக்கத்து மலைக்கே வந்து சேர்கிறது.

வட ஆப்பிரிக்காவில் இருந்த பிரெஞ்சுப் படைவீரர்களை மலேரியா வாட்டியது. அதற்கு அப்போது இருந்த ஒரே மருந்து சிங்கோனா மரப்பட்டையிலிருந்து எடுக்கும் குவினைன், நம் பெரியவர்கள் வாயில் கொய்னா. பெல்லத்தியே, கவந்து என்ற இரு பிரெஞ்சு வேதியியலாளர்கள் 1820 இல் அதைப் பட்டையிலிருந்து தனியே பிரித்துவிட்டார்கள். ஆனால் அதன் கசப்புக்குப் பயந்து வீரர்கள் அதை விழுங்க மறுத்தார்கள். கொய்னா மாத்திரையைச் சிறு வயதில் நாக்கில் வைத்தவர்களுக்கு அந்த வீரர்களின் மேல் இரக்கம் வரும். அவர்கள் விரும்பிக் குடிக்கும்படி அதைத் தயாரித்துத் தருவோருக்குப் பரிசு என்று பிரெஞ்சு அரசு அறிவித்ததாகவும், அதற்காகவே பாரிஸில் ஜோசப் டுபோனே 1846 இல் இனிப்பு ஒயினில் மூலிகைகளைச் சேர்த்துக் கொய்னாவின் கசப்பை மறைத்தார் என்றும் சொல்லப்படுகிறது. மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுக்கும் நம் வைத்தியர்களுக்கு இந்த யுக்தி புதிதல்ல. வீரர்களைவிடப் பாரிஸ் நகரத்தார்தான் அதை அதிகம் விரும்பினார்கள். உணவுக்கு முன் பசியைத் தூண்டும் பானமாக அது நிலைத்துவிட்டது.

டுபோனே உருவான காலத்தில் சிங்கோனாப் பட்டை தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளிலிருந்துதான் வர வேண்டும். 1860 இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்ற ஆங்கிலேயர் அங்கிருந்து கன்றுகளையும் விதைகளையும் இந்தியாவுக்குக் கொண்டுவர ஏற்பாடு செய்தார். அவை உதகையின் அரசுத் தோட்டத்தில் மெக்ஐவர் என்பவரின் பொறுப்பில் வேர்பிடித்தன. உதகையிலிருந்து கூடலூர் இறங்கும் சாலையில் நடுவட்டம் வரும். கோடை விடுமுறையில் பெங்களூரிலிருந்து மைசூர், பந்திப்பூர், முதுமலை, கூடலூர் வழியாக மலை ஏறுகிறவர்கள் தேநீருக்கு வண்டியை நிறுத்துகிற அந்தச் சிற்றூரில்தான் சிங்கோனாத் தோட்டமும் கொய்னா ஆலையும் இருந்தன. வால்பாறைப் பக்கம் ‘சின்கோனா’ என்றே பெயர் கொண்ட ஓர் ஊர் இன்றும் இருக்கிறது. ராணியின் கோப்பையில் நம் மலைப் பட்டை இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் கோப்பையின் கடைசி வாயில் தங்கும் கசப்பு என்னவென்று நீலகிரிக்காரர்களுக்குப் புத்தகம் பார்க்காமலே தெரியும் என்றுதான் சொல்கிறேன்.

கேள்வி: ஜின்னும் டானிக்கும் குடித்ததால்தான் பெங்களூர் கண்டோன்மென்ட்டில் வெள்ளைக்காரர்களுக்கு மலேரியா வரவில்லை என்று என் தாத்தா அடித்துச் சொல்வார். சரியா?
(சிவாஜி நகர் வாசகர்)

பதில்: தாத்தாவிடம் மெதுவாக எடுத்துச் சொல்லுங்கள். கொய்னா கலந்த டானிக் நீருக்கு லண்டனில் எராஸ்மஸ் பாண்ட் காப்புரிமை பெற்றது 1858 இல். இன்று அமெரிக்காவில் ஒரு லிட்டர் டானிக்கில் அனுமதிக்கப்படும் கொய்னாவின் உச்ச அளவு 83 மில்லிகிராம். மலேரியா நோயாளிக்கு மருத்துவர்கள் வழக்கமாகக் கொடுத்துவந்த அளவோ ஒரு வேளைக்கு 600 மில்லிகிராம் வீதம் நாளைக்கு மூன்று வேளை. கணக்குப் பார்த்தால், வாசலில் வந்து இறங்கும் 20 லிட்டர் தண்ணீர் கேன் முழுவதும் டானிக்காக இருந்து, அதை ஒரே நாளில் குடித்து முடித்தாலும் போதாது. அந்தக் காலத்து டானிக் இன்னும் கசப்பாக இருந்திருக்கலாம். ஆனாலும் மாலையில் இரண்டு கிளாஸ் எடுத்துக்கொள்வது சிகிச்சை ஆகிவிடாது.

கண்டோன்மென்ட்டில் நடந்த உண்மையான சங்கதி வேறு. 1883 இல் ரொனால்ட் ராஸ் இங்கே தற்காலிகப் படை மருத்துவராக வந்தார். தம் அறையில் மட்டும் கொசு மொய்ப்பதைக் கண்டு தேடிப் பார்த்தபோது, ஜன்னலுக்கு வெளியே இருந்த தண்ணீர்த் தொட்டியில் புழுக்கள் நெளிவதைப் பார்த்தார். தொட்டியைக் கவிழ்த்ததும் கொசுத் தொல்லை நின்றது. மலேரியாக் கிருமி கொசுவின் வயிற்றில் வளர்வதை அவர் செகந்தராபாத்தில் கண்டுபிடித்தது 14 ஆண்டுகள் கழித்து, 1897 இல்.

கேள்வி: டுபோனே, வெர்மூத், போர்ட், ஷெர்ரி எல்லாவற்றையும் ‘வலுவூட்டிய ஒயின்’ என்கிறார்கள். சாதாரண ஒயினுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? திறந்த புட்டி எத்தனை நாள் தாங்கும்?
(இந்திரா நகர் வாசகி)

பதில்: ஒயினில் திராட்சையிலிருந்து காய்ச்சி வடித்த மதுவைச் சேர்த்தால் அது வலுவூட்டிய ஒயின். போர்ட்டில் திராட்சைச் சாறு நொதித்துக்கொண்டிருக்கும்போதே இதை ஊற்றிவிடுவார்கள். நொதிக்கும் ஈஸ்ட் செத்துப்போவதால் மீதிச் சர்க்கரை அப்படியே தங்கி இனிக்கும். ஷெர்ரியில் நொதித்து முடிந்த பிறகு சேர்ப்பதால் பெரும்பாலும் இனிப்பு நிற்பதில்லை. வெர்மூத்தும் டுபோனேயும் இன்னும் ஒரு படி மேலே போய் வேர், பட்டை, பூ என்று பலவற்றை ஊறவைத்துக்கொள்பவை. வெர்மூத்துக்கும் அரசத் தொடர்பு உண்டு. 1786 இல் இத்தாலியின் துரின் நகரில் அன்டோனியோ பெனெடெட்டோ கார்ப்பானோ தயாரித்த இனிப்பு வெர்மூத் அந்நகரை ஆண்ட சவாய் வம்சத்தின் அரண்மனை வரைக்கும் போயிற்று என்பார்கள்.

இரண்டாவது கேள்விக்கு என் அனுபவமே பதில். இந்த ஊரில் ஒரு நண்பர் வீட்டு விருந்தில், ஜின்னும் வெர்மூத்தும் கலந்த ‘அசல் மார்ட்டினி’ என்று கொடுத்தார்கள். வாயில் வைத்ததும் பழைய சைக்கிள் கடையில் நிற்பதைப் போல இருந்தது. விசாரித்தால், திறந்து எட்டு மாதமான வெர்மூத் புட்டி ஜன்னலோரத்து ஷோகேஸில், மாலை வெயில் நேரே விழும் இடத்தில், அழகுக்காக நின்றுகொண்டிருந்தது. விஸ்கியைப் போல இது காத்திருக்காது. திறந்த நாள் முதல் ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும். ஒன்றிரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். தீராது என்று தோன்றினால் சிறிய புட்டியாக வாங்குங்கள்.

கேள்வி: நெக்ரோனி, கிர் ரோயால் இரண்டும் அரச பானங்களா?
(ஜெயநகர் வாசகர்)

பதில்: இரண்டும் இல்லை. ஜின், இனிப்பு வெர்மூத், கம்பாரி என்ற கசப்பு மது மூன்றும் சமமாகச் சேர்ந்த நெக்ரோனி, 1919 வாக்கில் பிளாரன்ஸில் கமிலோ நெக்ரோனி என்ற பிரபு கேட்டு வாங்கியதாகச் சொல்லப்படுவது. பிரபு மன்னர் ஆகமாட்டார். கிர் ரோயாலில் ஜின்னே கிடையாது. கிர் என்பது வெள்ளை ஒயினில் பிளாக்கரண்ட் மது கலந்த பானம்; அந்த ஒயினுக்குப் பதில் ஷாம்பெயின் ஊற்றினால் பெயரோடு ‘ரோயால்’ ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: அப்படியானால் ஜின் தானே ராஜாக்களின் பானம்?
(கம்மனஹள்ளி வாசகர்)

பதில்: ஆட்சிக்கு வேண்டியதாக இருந்தது, குடித்தவர்கள் ஏழைகள். ஹாலந்திலிருந்து 1688 இல் வந்து இங்கிலாந்தின் அரியணை ஏறிய மூன்றாம் வில்லியம் பிரான்ஸோடு பகை கொண்டு பிரெஞ்சு பிராந்தியைத் தடுத்தார். உள்ளூர்த் தானியத்தில் மது வடிக்க யாரும் முன்வரலாம் என்று கதவு திறக்கப்பட்டது. டச்சுக்காரர்களின் ஜெனீவர் என்ற மது அங்கே ஜின் ஆயிற்று. அடுத்த அறுபது ஆண்டுகளில் லண்டன் சேரிகளைச் சீரழித்த ஜின்னை அடக்க நாடாளுமன்றம் 1736 இலும் 1751 இலும் சட்டம் போட வேண்டியிருந்தது. அந்த ஜின்தான் 2020 ஜூலையில், பக்கிங்ஹாம் அரண்மனைத் தோட்டத்து எலுமிச்சை வெர்பீனாவும் மல்பெரி இலையும் சேர்த்து, 40 பவுண்டு விலையில் அரண்மனைப் பெயராலேயே விற்பனைக்கு வந்தது. 1751 இல் அந்தச் சட்டத்துக்கு வாக்களித்தவர்கள் இதைப் பார்க்காமல் போனதில் எனக்குச் சிறிது வருத்தம்.

கேள்வி: டுபோனே பெங்களூர்க் கடைகளில் கேட்டால் முழிக்கிறார்கள். மாற்று உண்டா? கோவா போர்ட் ஊற்றலாமா?
(ஆஸ்டின் டவுன் வாசகர்)

பதில்: கோவா போர்ட் வேண்டாம், ஜின்னோடு சேர்ந்தால் இருமல் மருந்து வாடை வரும். இத்தாலியச் சிவப்பு வெர்மூத் பெரிய கடைகளில் கிடைக்கிறது. அதில் இரண்டு பங்குக்கு ஜின் ஒரு பங்கு ஊற்றி, மேலே ஒரு மேசைக்கரண்டி டானிக் விடுங்கள். விட்டுப்போன கொய்னாக் கசப்பு ஓரளவு வந்து சேரும். எலுமிச்சையை நம் வழக்கப்படி பிழிந்துவிடாதீர்கள். வில்லையாக நறுக்கி அடியில் போடுவது தோலின் மணத்துக்காக. புளிப்பு இதற்கு ஆகாது.

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 71, இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார். ராணித் தாய் தினமும் இதைக் குடித்துத்தான் 101 வயது வரை இருந்தார் என்று சொல்லி, தமக்கும் ‘ஒன்றே ஒன்று’ கலக்கச் சொல்கிறார். என்ன பதில் சொல்வது?
(அல்சூர் வாசகி)

பதில்: ராணித் தாய் 1900 இல் பிறந்து 2002 இல் மறைந்தார் என்பது சரி. அதற்குக் காரணம் இந்தக் கோப்பை என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அரண்மனை வைத்தியர்களையும் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள். மகள் நாளுக்கு நான்கு கோப்பை குடிப்பார் என்று பரவிய செய்தியையும் அரண்மனையின் முன்னாள் சமையற்காரர் டேரன் மெக்ரேடி மறுத்திருக்கிறார். மாத்திரையோடு மது சேரலாமா, கொய்னா சேரலாமா என்பதை அப்பாவின் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இதயத் துடிப்புக்கு மாத்திரை எடுப்பவர்களுக்குக் கொய்னா ஒத்துக்கொள்ளாமல் போகக்கூடும்.

‘ஒன்றே ஒன்று’ என்பதற்கு மட்டும் நான் கணக்குச் சொல்கிறேன். நம் கடைகளில் கிடைக்கும் ஜின்னில் மது 42.8 சதவீதம், 30 மில்லி ஸ்மால் ஒன்றில் சுத்த மது 13 மில்லிக்குச் சற்றுக் குறைவு. பிரெஞ்சு டுபோனேயில் மது 14.8 சதவீதம்; 60 மில்லியில் ஏறக்குறைய 9 மில்லி. இரண்டும் சேர்ந்தால் 22 மில்லிக்குப் பக்கம் வருகிறது. அதாவது, இனிப்பாக, எலுமிச்சை மணத்தோடு, சாதுவாகத் தெரியும் அந்தக் கோப்பைக்குள் ஒன்றே முக்கால் ஸ்மாலுக்குக் கொஞ்சம்தான் குறைவு. அப்பா ‘ஒன்று’ என்று விரலைக் காட்டும்போது, அந்த விரல் எதன் கணக்கு என்று கேளுங்கள்.