பொட்டாசியம் 6.2 என்று ரிப்போர்ட் வந்தால் வாழைப்பழத்தை நிறுத்தினால் போதுமா?

அப்பாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும் இருக்கிறது, பொட்டாசியம் 6.2, ஆனால் உடம்புக்கு ஒன்றும் தெரியவில்லை, பழத்தை நிறுத்தினால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. 6-ஐத் தாண்டிவிட்டால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். இன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஈசிஜி எடுங்கள், ரத்தத்தையும் மறுபடி கொடுங்கள். பொட்டாசியம் பெரும்பாலும் சத்தமில்லாமல்தான் ஏறும். கை கால் தளர்ந்து, நெஞ்சு படபடக்கும்போது இதயத் துடிப்பு ஏற்கெனவே தடுமாறத் தொடங்கியிருக்கலாம்.

மறுபடி ரத்தம் எதற்கு? உடம்பிலுள்ள பொட்டாசியத்தில் சுமார் 98 சதவீதம் செல்களுக்குள் இருக்கிறது. ஊசியில் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்தால் அதுவும் கலந்து, இல்லாத உயர்வைக் காட்டும். கையில் பட்டையை ரொம்ப நேரம் இறுக்கிக் கட்டுவதும், விரல்களைத் திரும்பத் திரும்ப மடக்கி விரிக்கச் சொல்வதும், ரத்தத்தை மணிக்கணக்கில் பரிசோதிக்காமல் வைப்பதும் இப்படிச் செய்யும். ரிப்போர்ட்டின் அடியில் 'ஹீமோலைஸ்டு' (சிவப்பணுக்கள் உடைந்த ரத்தம்) என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதியிருந்தாலும் மறு சோதனை வரும்வரை நிம்மதி வேண்டாம்.

உயர்வு நிஜம் என்றால் முதல் சந்தேகம் சிறுநீரகத்தின் மேல், அடுத்தது மாத்திரை டப்பாவின் மேல். டெல்மிசார்டன், லோசார்டன், எனலாபிரில், ராமிபிரில், ஸ்பைரோனோலாக்டோன் ஆகிய பிரஷர் மாத்திரைகள் எல்லாம் பொட்டாசியம் சிறுநீரில் போவதைக் குறைப்பவை. கூடவே மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக்கோ, கிருமித் தொற்றுக்குக் கோட்ரைமாக்சசோலோ சேர்ந்தால் எண் விறுவிறுவென ஏறும். 'சோடியம் குறைந்த உப்பு' வாங்குகிறீர்களா? அதில் பாதி பொட்டாசியம் குளோரைடாகவே இருக்கலாம். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதபோதும் ஏறும், ஏனென்றால் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளுவது இன்சுலின்தான்.

ஈசிஜி கோட்டின் ஏற்ற இறக்கங்களுக்கு டி, பி, க்யூஆர்எஸ் என்று பெயர்; டி அலை கூர்மையாக உயர்வது, பி அலை மங்குவது, க்யூஆர்எஸ் அகலமாவது ஆகியவை அபாயக் குறிகள். ஈசிஜி சரியாக இருந்தால் ஆபத்தில்லை என்றும் அர்த்தமில்லை, 6.5-க்கு மேல் போயும் மாறாமல் இருப்பதுண்டு.

குறி தெரிந்தால் முதலில் கால்சியம் குளுக்கோனேட் ரத்தக்குழாய் வழியாகப் போகும். சில நிமிடங்களில் இதயத்தைக் காக்கும், ஆனால் பொட்டாசியத்தைத் துளியும் குறைக்காது; பலன் 30 முதல் 60 நிமிடம்தான். அடுத்தது இன்சுலின், வழக்கமாக 10 யூனிட், 25 கிராம் குளுக்கோஸோடு. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இன்சுலின் உடம்பில் நெடுநேரம் தங்கும். அதனால் குளுக்கோஸ் ஏறி முடிந்த பிறகு சர்க்கரை சரசரவென இறங்கிவிடும். 6 மணி நேரமாவது மணிக்கொரு முறை பார்க்க வேண்டும். சல்பூட்டமால் நெபுலைசரும் கொடுப்பார்கள், 10 முதல் 20 மில்லிகிராம், அதாவது ஆஸ்துமாவுக்குக் கொடுப்பதைவிடப் பல மடங்கு.

இன்சுலினும் சல்பூட்டமாலும் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் ஒளித்துவைக்கின்றன, வெளியேற்றுவதில்லை. சில மணி நேரத்தில் எண் மறுபடி ஏறுவது அதனால்தான். 5.4-க்கு இறங்கிவிட்டது என்று உடனே வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். வெளியேற்ற, சிறுநீரைப் பெருக்கும் ஃபுரோசமைடு, குடலில் பொட்டாசியத்தைப் பிடிக்கும் பொடிகள், எதற்கும் மசியாவிட்டால் டயாலிசிஸ்.

உணவுக் கட்டுப்பாடு இதற்கெல்லாம் பிறகு. பழச்சாறைக் குறைத்து, உருளைக்கிழங்கைச் சிறிதாக நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடலாம். பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். இன்று பார்க்கும் டாக்டரிடமே கேளுங்கள். அவர் நிறுத்திவிட்டுப் பின்னர் மறுபடி தொடங்கச் சொன்னால், 1 முதல் 2 வாரத்தில் பொட்டாசியமும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும் திரும்பப் பார்க்க வேண்டும்.