ஏழு சதவீதக் கல்லூரிக்கு வீட்டின் மேல் மூன்றாவது கடனா?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம், எனக்கு 52 வயது. மகளுக்கு நியூ இங்கிலாந்தில் ஒரு சின்ன லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் (இளநிலைப் படிப்பை மையமாகக் கொண்ட கல்லூரி) இடம் கிடைத்திருக்கிறது. வருடச் செலவு 92,000 டாலர், கல்லூரி தரும் உதவி 20,000, எங்களால் முடிவது 35,000. மீதியை ஹோம் ஈக்விட்டி லைனில், அதாவது வீட்டை ஈடாக வைத்து வேண்டும்போது எடுக்கிற கடனில், எடுக்கலாமா? சென்னை ஃப்ளாட்டுக்கும் கிச்சனுக்கும் அதில்தான் எடுத்தோம். எங்கள் மாநில அரசுப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸிலும் இடம் உண்டு. "நூறில் ஏழு பேருக்குக் கிடைக்கிற இடம், விட்டுடாதீங்க" என்கிறார் மைத்துனர். மகன் எட்டாம் வகுப்பு.

பதில்: எடுக்காதீர்கள். கல்லூரியை விட எனக்குக் கவலை தருவது, கையில் பணம் இல்லாதபோதெல்லாம் வீட்டின் மேல் கை வைக்கும் உங்கள் பழக்கம்தான்.

வருடம் 37,000 குறைகிறது, நாலு வருடத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை லட்சம் டாலர். எட்டு சதவீத வட்டி, பத்து வருடம் என்று வைத்தால் மாதம் 1,800க்கு மேல், மொத்தம் 2,18,000 போகும், படிக்கும் காலத்து வட்டி தனி. மகள் படித்து முடிக்கும்போது உங்களுக்கு 56, கடன் தீரும்போது 66, அவள் வெளியே வரும் அதே வருடம் தம்பி கல்லூரிக்குள் நுழைகிறான், அவனுக்கு எந்த வீட்டை வைப்பீர்கள்?

அந்த ஏழு சதவீதத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். மெயின் மாநிலத்துக் கோல்பி கல்லூரி 2014 வாக்கில் விண்ணப்பித்தவர்களில் கால்வாசிக்கு மேல் சேர்த்துக்கொண்டது, இப்போது பத்து சதவீதத்துக்கும் கீழே. இடையில் விண்ணப்பக் கட்டணத்தையும் கூடுதல் கட்டுரையையும் எடுத்துவிட்டார்கள், விண்ணப்பங்கள் குவிந்தன, இடங்கள் அந்த அளவுக்குக் கூடவில்லை. இந்தக் கல்லூரிகளில் வகுப்பு சின்னது, பேராசிரியரே பாடம் நடத்துவார், ஸ்வார்த்மோர், கார்ல்டன் போன்றவற்றில் படித்தவர்கள் அதிக விகிதத்தில் பிஎச்டி வரை போகிறார்கள், அதெல்லாம் உண்மை. ஆனால் நிராகரிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை உங்கள் மகளுக்குப் பாடம் எடுக்காது.

அப்புறம், யாராவது 'காலேஜ் பிளான்' என்று இண்டெக்ஸ்டு யுனிவர்சல் லைஃப் பாலிசியோடு (பங்குச் சந்தைக் குறியீட்டோடு இணைத்த ஆயுள் காப்பீடு) வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். ஆரம்ப வருடங்களில் கமிஷனும், பாதியில் மூடினால் பிடிக்கும் சரண்டர் கட்டணமும் தின்றதுபோக மிஞ்சுவது கொஞ்சம்தான்.

இந்த வாரமே கல்லூரியின் நிதி உதவி அலுவலகத்துக்கு மேல்முறையீடு எழுதுங்கள், ஊரில் பெற்றோருக்கு அனுப்பும் பணம், மருத்துவச் செலவு எல்லாவற்றையும் ஆதாரத்தோடு. மகள் தன் பெயரில் அரசுக் கடனாக முதல் வருடம் 5,500, நாலு வருடத்துக்கு 27,000 வரை எடுக்கலாம். குறைகிற பணம் இந்த இரண்டுக்குள் அடங்கினால் சரி, அனுப்புங்கள். அடங்காவிட்டால் ரட்கர்ஸ். மைத்துனரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள், அந்த ஈக்விட்டி லைனில் பாக்கியைக் கட்டி மூடும் வேலையையும் இந்த வருடமே தொடங்குங்கள்.